சிகிரிக் குன்றில் அகழ்வும் காப்பும்

ஈழநாட்டின் நடுப்பகுதியிலே, மாத்தளை மாவட்டத்தின் வடபாலில், தம்புள்ளை நகருக்கு வடகிழக்கே, சூழவுள்ள சமவெளியினின்றும் ஏறத்தாழ 180 மீற்றர் உயரத்திற்குச் செங்குத்தாக எழுந்து நிற்பது சிகிரிக் குன்று. சிங்ககிரி என்னும் பெயரே சிகிரி எனவும் சீகிரியா எனவும் மருவிற்று என்பர். தந்தையைக் கொன்று அரசு கவர்ந்த காசியப்பன் பகைக்கு அஞ்சி இக்குன்றின்மேல் மாளிகை அமைத்து வாழ்ந்தான் என்ற கதையை அறியாத மாணவர் இலர். ஆயின், அக்கதை நிகழ்ந்த காலம் கி. பி. 477 முதல் 495 வரையுள்ள பதினெட்டு ஆண்டுகளே. அவற்றுக்கு முன்னும் பின்னும் பன்னூறாண்டுகளாக இக்குன்று துறவோர் உறையுளாகவும் வழிபாட்டிடமாகவும் விளங்கிற்று. இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டது, வெளிப்பட்டவை எம்முறையாற் காக்கப்படுகின்றன, அக்காப்பில் நமக்குள்ள பொறுப்பு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் கதையைச் சுருங்கக் காண்போம். கலாவாவி என்னும் பெருங்குளத்தைக் கட்டுவித்த தாதுசேனன் அநுராதபுரத்திலிருந்து ஆண்டவன். அவன் மகன் காசியப்பன் தந்தையைச் சிறைசெய்து கொல்வித்து முடிசூடினான். அரசுரிமை உடைய தம்பி முகலன் பாரதநாட்டிற்குச் சென்று, பின்னர்ப் படையொடு மீண்டான். போர்க்களத்திலே தன் படை சிதறக் கண்ட காசியப்பன் தன் கையாலேயே உயிர் துறந்தான். முகலன் தலைநகரை மீண்டும் அநுராதபுரத்திற்கு மாற்றினான். குன்று துறவியரிடம் சேர்ந்தது. இவை சூளவம்சம் என்னும் பாளி நூல் கூறும் செய்திகள். அந்நூல் பௌத்த சங்கத்தாரால் இயற்றப்பட்டது. ஆதலின் தந்தைக்கொலை புரிந்த அரசனை அது நோக்கிய நோக்கு இன்னதென்பது ஊகிக்கத்தக்கதே. நூல் கூறாதவற்றையும், கூறியவற்றுள் ஒருதலைப்பட்டவற்றையும் சீர்தூக்குவதற்கு மண்ணுள் மறைந்த சான்றுகள் வேண்டப்படுகின்றன.

அச்சான்றுகளுள் மிகப் பழையவை குன்றின் அடிவாரத்துக் கற்பாறைகளிடையே உள்ளன. அங்குள்ள குகைகள் பலவற்றின் முகப்பிலே, மழைநீர் உள்ளே வழிந்து புகாதவாறு பாறையில் நீண்டதொரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கின்றது. அவ்விளிம்பின் கீழே சிலவற்றில் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலே இக்குகைகள் பௌத்த துறவியர்க்குத் தானமாக அளிக்கப்பட்டமையை அவ்வெழுத்துக்கள் தெரிவிக்கின்றன. நாகபடக் குகை என வழங்கும் ஒன்றிலே விளிம்பும் பிராமி எழுத்தும் ஒருபுறம் இருக்க, அதன் விதானத்திலே பிற்காலத்து வண்ண ஓவியத்தின் எச்சங்களும் காணப்படுகின்றன. ஒரே குகையினுள் பல நூற்றாண்டு இடைவெளியுள்ள இரு கைவண்ணங்கள் அடுத்தடுத்து நிற்பதை நோக்குக.

இத்தகைய நிலை ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் மலையை நினைவு கூர்க. அங்கே இயற்கைக் குகையொன்றிற் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள. அதே மலையில் வேறோரிடத்திற் பல நூற்றாண்டுகளின் பின் குடையப்பட்ட கோயிலும் அதன் ஓவியங்களும் உள. மழையினின்று ஒதுங்கத் தவமுனிவர் நாடிய குகை, பின்னர் அரசரும் செல்வரும் அணிசெய்யும் திருத்தலமாக வளர்வது இருநாட்டிற்கும் பொதுவான நெறி. சிகிரியை மாளிகையாக மட்டும் காண்பவர் இந்நெறியைத் தவற விடுகின்றனர்.

இனி, அகழ்வின் வரலாற்றைக் காண்போம். காடு மூடிக் கிடந்த இக்குன்றைப் பற்றிப் பிரித்தானியர் காலத்தில் முதலில் எழுதியவர் ஜொனதன் போர்ப்ஸ் என்னும் படை அதிகாரி. 1831-இல் இங்கு வந்த அவர், தாம் கண்டவற்றை 1840-இல் வெளியான தமது நூலில் எழுதினார். 1889-இல் பொது வேலைப் பகுதியைச் சேர்ந்த மறே என்பவர், பாறையின் செங்குத்தான பக்கத்திலுள்ள ஓவியக் குழிவினுள் அரிதின் முயன்று ஏறி, அங்குள்ள ஓவியங்களுக்குப் படி எடுத்தார். 1890-இல் ஈழத்திலே தொல்பொருளாய்வுப் பகுதி நிறுவப்பட்டது. அதன் முதல் ஆணையாளராகிய எச். சி. பி. பெல் 1894-இல் இங்கே ஒழுங்கான வேலையைத் தொடங்கினார். காடு வெட்டப்பட்டது, உச்சியிலே மேடாகக் கிடந்த செங்கற் குவியல்கள் அகற்றப்பட்டன, மாளிகையின் அடித்தளங்களும், படிக்கட்டுக்களும், பாறையைக் குடைந்து ஆக்கிய குளமும் வெளிப்பட்டன. 1896-97-இல் டி. ஏ. எல். பெரேரா என்னும் ஓவியர் ஓவியங்களுக்கு எண்ணெய் வண்ணத்தில் நேர்ப்படிகள் தீட்டினார்.

1898-இல் நிகழ்ந்த கண்டுபிடிப்பே இவற்றுள் தலையாயது. குன்றின் வடபக்கத்து இடைமேடையில் இடிபாட்டுக் குவியலை அகற்றிய பொழுது, செங்கல்லாற் கட்டிச் சுதை பூசிய இரு பெரும் பாதங்கள் நகங்களுடன் தோன்றின. அவை சிங்கத்தின் முன்னங்கால்கள். உச்சிக்கு ஏறும் வழி ஒரு மாபெருஞ் சிங்கவுருவின் ஊடாகச் சென்றது என்பது அன்று தெளிவாயிற்று. குன்றின் பெயர்க்காரணம் நூலில் மட்டுமன்றி மண்ணிலும் கிடைத்தது.

அகழ்வு என்பது புதையலைத் தேடித் தோண்டுவதன்று என்பதை இவ்விடத்து மாணவர் உணர்தல் வேண்டும். ஓரிடத்தில் மக்கள் தொடர்ந்து வாழுங்கால், உடைந்த ஓடும் சாம்பலும் இடிந்த சுவரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மண்ணடுக்குகள் உண்டாகின்றன. அடுக்குக் குலையாதிருப்பின், கீழுள்ளது முந்தியது, மேலுள்ளது பிந்தியது. ஓட்டுத் துண்டு ஒன்று எவ்வடுக்கிற் கிடந்தது, எதனருகே கிடந்தது என்பதே அதன் பொருளைத் தெரிவிக்கும். அடுக்கினின்றும் பெயர்த்தெடுத்து மேசைமேல் வைத்த ஓடு, பாடலினின்றும் பிய்த்தெடுத்த ஒற்றைச் சொல்லை ஒக்கும். மேலும், ஓரடுக்கை ஆராய வேண்டின் அதனைத் தோண்டி அகற்றியே தீரவேண்டும். அகற்றியபின் அதனை மறுமுறை அகழ இயலாது. எனவே அளவையும் வரைபடமும் நிழற்படமும் நாட்குறிப்புமே அவ்வடுக்கின் எஞ்சிய வடிவமாகின்றன. குறிப்பெழுதாது தோண்டுபவன், எவரும் படியாத ஏட்டைப் படித்த கையோடு எரியிலிடுபவன் ஆவான்.

பெல் அவர்களின் காலத்தில் இவ்வடுக்கு முறை இன்றுபோல் நுணுக்கம் பெற்றிருக்கவில்லை. சுவரையும் சிலையையும் காண்பதே அன்றைய அகழ்வாளரின் முதன்மையான நோக்கமாயிருந்தது. ஆயினும் அவர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதி, வரைபடங்களை விட்டுச் சென்றமையால் அவர்தம் உழைப்பு வீணாகவில்லை. பின்னர் ஆணையாளராயிருந்த செனரத் பரணவிதான காலத்திலே, குன்றின் மேற்கேயுள்ள நீர்ப்பூங்காவின் பகுதிகள் அகழப்பட்டன. குளங்களும் நிலத்தடி நீர்க்குழாய்களும் துளையிட்ட சுண்ணக்கல் ஊற்றுவாய்களும் வெளிப்பட்டன. அவ்வூற்றுவாய்கள் இன்றும் மழைக்காலத்திலே நீர் எழுப்புகின்றன. 1980-இல் மத்திய கலாசார நிதியம் நிறுவப்பட்டு, யுனெஸ்கோவின் துணையொடு கலாசார முக்கோணத் திட்டம் தொடங்கிய பின்னர், பேராசிரியர் சேனக பண்டாரநாயக்க தலைமையில் சிகிரியும் அதன் சுற்றுப்புறமும் ஒருங்கே ஆராயப்பட்டன. அவ்வாய்வினால் அரசனுக்கு மிக முந்திய கற்கால மக்கள் அலிகல என்னும் பாறை ஒதுக்கிடத்தில் வாழ்ந்தமையும், அயலூர்களில் இரும்பு உருக்குந் தொழில் பெருக நடந்தமையும் தெரியவந்தன. 1982-இல் சிகிரி உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இத்துணை அகழ்ந்தும் எல்லாரும் ஒருமுடிபுக்கு வந்தனர் அல்லர். உச்சியில் இருந்தது அரசமாளிகை என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. பரணவிதான 1950-இல் வெளியிட்ட கட்டுரையில், காசியப்பன் தன்னைக் குபேரனாகப் பாவித்து, குபேரன் நகராகிய அளகையின் வடிவில் இதனை அமைத்தான் என்றும், ஓவியத்து மகளிர் மேகத்தையும் மின்னலையும் குறிப்பவர் என்றும் வாதித்தார். ஆணையாளராகப் பணியாற்றிய ராஜா டி சில்வா, 2002-இல் வெளியிட்ட நூலில், இது மாளிகையே அன்று, மகாயான பௌத்தப் பள்ளியே என்றும், மகளிர் தாரை என்னும் தேவியின் வடிவங்கள் என்றும் எழுதினார். யாவர் கூற்று மெய் என்பது ஈண்டு நம் வினாவன்று. ஒரே கல்லையும் ஒரே சுதையையும் நோக்கி அறிஞர் மூவகையாகக் கூற முடிகின்றது. அவை சிதையாது நிற்பதனாலன்றோ அவ்வழக்கு இன்றும் நடைபெறுகின்றது? சான்று அழியின் வழக்கும் முடியும். ஆனால் தீர்ப்பினால் முடியாது, அழிவினால் முடியும். காப்பின் பயன் இதுவே: நம் காலத்து விடையை நிலைநாட்டுவதன்று, வருங்காலத்தார் மீண்டும் வினவ இடமளிப்பது.

காப்பு முறையின் இயல்பும் இதனாலேயே அமைகின்றது. அகழ்ந்து வெளிப்படுத்திய செங்கற்சுவர் மண்ணுள் இருந்த காலத்தினும் வெளியில் விரைந்து அழிகின்றது. மழை அதன் தலையில் இறங்கிச் சாந்தைக் கரைக்கும். ஆலும் அரசும் வெடிப்பில் வேர்விட்டுச் சுவரைப் பிளக்கும். வெயில் சுதையை உரிக்கும். ஆகவே நீர் தேங்காது வழியச் செய்தல், வேரை முளையிலே களைதல், சுவரின் தலையைப் புதுச் செங்கல்லால் மூடுதல் என்பன முதற் பணிகள். இவற்றுக்குச் சீமெந்தைப் பயன்படுத்துதல் எளிது போலத் தோன்றும். ஆயின் சீமெந்து பழஞ் செங்கல்லினும் வன்மையுடையது, ஈரத்தை வெளிவிடாது, உப்பையும் உடன்கொண்டு வரும். நாளடைவிற் சீமெந்து நிலைத்துப் பழங்கல் உதிரும். சுண்ணச்சாந்தோ பழஞ்சுவரொடு ஒத்து இளகி, தான் தேய்ந்து கல்லைக் காக்கும்.

இதனினும் அரிய பணி கையை நிறுத்தத் தெரிதல். 1964-இல் வெனிசு நகரிற் கூடிய வல்லுநர் வகுத்த பட்டயம், ஊகம் எங்கே தொடங்குகின்றதோ அங்கே புதுப்பித்தல் நின்றுவிட வேண்டும் என்னும் நெறியை வற்புறுத்துகின்றது. சிகிரிச் சிங்கத்திற்கு இன்று பாதங்கள் உண்டு, தலை இல்லை. அத்தலை எவ்வாறிருந்தது என்பதை ஓரளவு கற்பனை செய்து கட்டிவிடுதல் இக்காலக் கொத்தர்க்கு அரிதன்று. கட்டியிருப்பின், காண வருவோர் மகிழ்வர். ஆனால் அவர் காண்பது ஐந்தாம் நூற்றாண்டுச் சிங்கம் அன்று, நம் காலத்துப் பொம்மை. தலையின்றி நிற்பதனாலேயே அச்சிங்கம் மெய்யாக நிற்கின்றது.

ஓவியங்களின் காப்பு இன்னும் நுட்பமானது. பாறையின் மேல் உமியும் நாரும் கலந்த களிமண்ணும், அதன்மேற் சுண்ணச்சாந்தும், அதன்மேல் மெல்லிய வெண்பூச்சும் இட்டு அவை தீட்டப்பட்டன. இப்பூச்சுக்கள் பாறையினின்றும் விலகின் ஓவியம் உதிர்ந்துவிடும். முற்காலத்தே பாறையின் பெரும்பரப்பில் இத்தகைய ஓவியங்கள் இருந்தன என்று கருதப்படுகின்றது. காற்றும் மழையும் புகாத குழிவுகளில் உள்ள இருபதுக்குச் சற்று மேற்பட்டனவே இன்று எஞ்சியுள. 1967 ஒக்டோபர் மாதம் 14ஆம் நாள், தீயோர் சிலர் அவற்றின்மீது பச்சை வண்ணத்தைப் பூசியும், இரண்டை வெட்டியும் சிதைத்தனர். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் காற்றும் மழையும் செய்யாததை மனிதர் ஓரிரவிலே செய்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சியும் தொல்பொருட் பகுதியினரும் அப்பச்சை வண்ணத்தைப் பழவண்ணம் கெடாதவாறு சிறிது சிறிதாக நீக்கினர். வெட்டுண்டவை மீளவில்லை. மறேயும் பெரேராவும் எடுத்த படிகள் எத்துணைப் பயனுடையன என்பது அன்று விளங்கிற்று.

ஓவியங்களின் கீழே செல்லும் வழியருகே உள்ளது கண்ணாடிச் சுவர். செங்கல்லாற் கட்டி, பளபளக்கும்படி மெருகிட்ட சுதைச்சுவர் அது. அதிலே, பெரும்பாலும் எட்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையில், குன்றைக் காண வந்த துறவியரும் அதிகாரிகளும் போர்வீரரும் பெண்டிரும் ஓவியத்து மகளிரை வியந்து செய்யுள்கள் கீறிச் சென்றனர். பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்து 1956-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். பழஞ் சிங்கள மொழியின் எழுத்தும் இலக்கணமும் வளர்ந்த வரலாற்றுக்கு அவை ஒப்பற்ற சான்றுகள். ஓவியங்கள் மிகப் பலவாக இருந்தன என்பதற்கும் அச்செய்யுள்களே துணைச்சான்று.

இச்சுவரிலே 2015-இல் ஓர் இளம் பயணி தன் பெயரைக் கீறினார். அவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர்ச் சனாதிபதியின் பொதுமன்னிப்பால் அவர் விடுதலை பெற்றார். அச்செய்தியைப் படித்த மாணவர் எவரும் ஒரு வினா எழுப்புதல் இயல்பு: எட்டாம் நூற்றாண்டிலே கீறியது செல்வம் ஆயின், இன்று கீறுவது குற்றம் ஆவதெங்ஙனம்? இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. விடை கூறுதலே முறை. அன்று அச்சுவரில் இடம் இருந்தது. எழுதியவர் வெறுஞ் சுதையில் எழுதினர். இன்று அச்சுவர் எழுதி முடிந்த ஏடு. இனிக் கீறும் ஒவ்வொரு கோடும் ஒரு பழைய எழுத்தின்மீதே விழும். மேலும், அன்று ஆண்டுக்கு ஒருசிலர் வந்தனர். இன்று இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஒவ்வொருவரும் ஓரெழுத்துக் கீறின் சில திங்களில் 685 செய்யுளும் மறையும். பழையோர் செய்தது தவறு அன்று என்பதும், நாம் அதனைச் செய்யலாகாது என்பதும் முரண் அல்ல. அவர்தம் எழுத்தை நாம் மதிப்பதாலேயே நம் கையை மடக்குகின்றோம். இதனை வகுப்பறையில் முன்னரே தெளிவுற உணர்த்தியிருப்பின், தண்டனைக்கு வேலை குறையும் என்பதில் ஐயமில்லை. சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் நாம், பேருந்துக்கும் உணவுக்கும் ஒழுங்கு செய்யும் அளவுக்காவது இதற்கும் ஒழுங்கு செய்கின்றோமா என்று நம்மை நாமே வினவிக் கொள்வோமாக.

காப்பு நெறி எல்லாவிடத்தும் ஒரே வடிவினதன்று என்பதற்கு மாத்தளை மாவட்டமே தக்க சான்று. சிகிரியில் வழிபாடு ஒழிந்து பன்னெடுங் காலமாயிற்று. ஆதலால் அங்கே உள்ளதை உள்ளவாறு நிறுத்துதலே நெறி. தம்புள்ளைக் குகைக் கோயில்களிலோ வழிபாடு இன்றும் நிகழ்கின்றது; பதினெட்டாம் நூற்றாண்டிலே கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் அங்குள்ள சுவர்களிற் புதிதாக ஓவியம் தீட்டினர். விளக்கும் மலரும் வேண்டாம் என்று அங்கே கூறவியலாது. வழிபடுவோரும் காப்பில் ஒரு பங்கினராக வேண்டும். நாலந்தா கெடிகே என்னும் கற்றளியின் வழியோ வேறு. தென்னகத்துத் திராவிடக் கட்டட முறையில் அமைந்து பௌத்த வழிபாட்டுக்கு உரியதாய் விளங்கிய அக்கோயில், மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கும் நிலையெய்தியபோது, கல் கல்லாகக் கழற்றப்பட்டு உயர்ந்த மேட்டிலே மீளக் கட்டப்பட்டது. நிறுத்திக் காத்தல், வழங்கிக் காத்தல், பெயர்த்துக் காத்தல் என மூன்று நெறிகளையும் ஒரு மாவட்டத்துள்ளே காண்கின்றோம்.

இம்மூன்றிடங்களும் நமக்கு உணர்த்தும் மற்றொரு பாடமும் உண்டு. ஈழநாட்டிலே தொல்பொருட் சின்னங்கள் இன்ன இனத்தாரின் உரிமைச் சாசனம் என்று வழக்காடப்படும் காலம் இது. வழக்காடுவோர் யாவராயினும், தமக்கு வேண்டிய அடுக்கை மட்டும் காட்டி ஏனையவற்றை மறைக்கவே விழைவர். சிகிரியிலோ கற்கால வேடன், இரும்பு உருக்கிய உழைப்பாளி, குகையில் தவஞ்செய்த துறவி, மாளிகை எழுப்பிய மன்னன், செய்யுள் கீறிய வழிப்போக்கன் ஆகிய அனைவரும் ஒரே குன்றில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்குண்டு கிடக்கின்றனர். நாலந்தாவிலே தென்னாட்டுக் கட்டடக் கலை பௌத்தருக்கு நிழல் தந்தது. ஓரடுக்கைச் சுரண்டி மற்றோர் அடுக்கைப் பெருமைப்படுத்துதல் அகழ்வும் அன்று, காப்பும் அன்று. அனைத்து அடுக்குக்களையும் அவற்றவற்றின் இடத்திலே வைத்து மதிக்கக் கற்றவனே வரலாறு கற்றவன் ஆவான். அத்தகைய மாணவரை ஆக்குதலே வரலாறு கற்பிக்கும் நம் கடன்.